பாதரசத்துக்கு உரிமையாளர் இருந்தார்: யூ-859 என்ற ஜேர்மன் நீர்மூழ்கியின் கதை

 

கொஞ்சம் நீளமான பதிவு. வரலாறு பிடித்தவர்கள் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். சாதாரண தரத்துக்கு வரலாறு படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

இரண்டாம் உலகப் போரும் திருகோணமலையும் என்றால் நம்மில் பலருக்கு ஒரே ஒரு நாள்தான் நினைவு வரும். 1942 ஏப்ரல் 9. ஜப்பான் விமானங்கள் வந்து துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்ட நாள். அதே நாளில்தான் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. பாடத்தில் இவ்வளவோடு விட்டுவிடுகிறோம். ஆனால் அதற்குப் பிறகும் போர் மூன்று வருடங்களுக்கு மேல் நடந்தது. அந்தக் காலத்தில் நம் துறைமுகம் சும்மா இருக்கவில்லை.

நான் சொல்லப் போவது யூ-859 என்ற ஜேர்மன் நீர்மூழ்கியின் கதை. அது திருகோணமலைக்கு வந்ததே இல்லை. ஆனால் அதன் கதையை முடித்து வைத்த படகு, திருகோணமலையைத் தளமாகக் கொண்டு இயங்கிய படகு. அதோடு கதை முடியவுமில்லை. அந்த நீர்மூழ்கியில் இருந்த ஒரு பொருள் 28 வருடங்களுக்குப் பிறகு மேலே வந்து நீதிமன்றம் வரை போனது. அங்கே எழுந்த கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது: கடலுக்கு அடியில் போனது யாருடையது?

*படகு*

யூ-859 ஜேர்மனியின் பிரேமன் நகரத்துக் கப்பல் தளத்தில் கட்டப்பட்டது. 1943 மார்ச்சில் நீரில் இறக்கினார்கள். 1943 ஜூலை 8 அன்று கடற்படையில் சேர்த்தார்கள். கட்டளைத் தளபதி யொஹான் யெப்சன். தொடக்கம் முதல் முடிவு வரை அவர் ஒருவரே அதற்குத் தளபதி.

நீளம் 87 மீற்றருக்குக் கொஞ்சம் கூட. நீர்மேல் மிதக்கும்போது எடை 1,600 தொன். முன்னால் நான்கு, பின்னால் இரண்டு என்று ஆறு டோர்பிடோ குழாய்கள். இந்த வகைப் படகின் சிறப்பு அது போகக்கூடிய தூரம். நிதானமான வேகத்தில் ஓடினால் நடுவில் எண்ணெய் நிரப்பாமல் 23,000 கடல் மைலுக்கு மேல் போகும். பூமத்திய ரேகை வழியே பூமியைச் சுற்றினால் 21,600 கடல் மைல். அதாவது ஒரு தடவை நிரப்பிய எண்ணெயில் உலகத்தையே சுற்றி வரலாம்.

நீர்மூழ்கி என்றதும் எந்த நேரமும் தண்ணீருக்கு அடியில் ஓடும் ஒன்றாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அக்காலப் படகுகள் அப்படி இல்லை. டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். அதனால் பெரும்பாலான தூரத்தை நீர்மேல்தான் ஓடும். அப்போதே பற்றரிகளையும் மின்னேற்றிக்கொள்ளும். எதிரியைக் கண்டால் அமிழ்ந்து பற்றரியில் மெதுவாக நகரும். பற்றரி தீர்ந்தால் மேலே வந்தே ஆக வேண்டும். 1943க்குப் பிறகு நேச நாட்டு விமானங்களும் ராடாரும் பெருகியதால் மேலே வருவதே ஆபத்தாகிவிட்டது. அதற்கு ஜேர்மனியர் கண்ட வழி, நீருக்கு வெளியே நீட்டி மூச்சு வாங்கும் குழாய். ‘ஸ்நோர்க்கல்’ என்பார்கள். யூ-859இல் அது பொருத்தப்பட்டிருந்தது.

*ஜேர்மன்காரனுக்கு இந்தப் பக்கம் என்ன வேலை?*

வகுப்பில் இதைச் சொன்னதும் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி.

1942இல் மலாயாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பான் கையில் விழுந்தன. உலகத்தின் றப்பர், தகரம், கொயினா ஆகியவற்றின் பெரும்பங்கு அங்கேதான் இருந்தது. ஜேர்மனிக்கு அவை அவசரமாகத் தேவைப்பட்டன. ஜப்பானுக்கு ஜேர்மனியின் இயந்திரங்களும் கருவிகளும் பாதரசமும் தேவைப்பட்டன. வெடிகுண்டுகளைப் பற்றவைக்கும் மருந்து செய்வதற்குப் பாதரசம் வேண்டும். மேற்பரப்புக் கப்பல்கள் வழியில் பிடிபட்டு மூழ்கடிக்கப்பட்டதால், நீர்மூழ்கிகளே சரக்கும் ஏற்றத் தொடங்கின. ஜப்பான் வசம் இருந்த பினாங்குத் தீவில் 1943இல் ஜேர்மனியர் தளம் அமைத்தார்கள். இந்து சமுத்திரத்துக்கு வந்த இந்தப் படகுகளின் கூட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மொன்சூன்’. நம் பருவக்காற்றின் பெயர்.

இங்கே அவை வேட்டையும் ஆடின. 1944 மார்ச்சில் யூ-183 என்ற படகு மாலைதீவின் அட்டு தீவுக்கூட்டத்துக்கு வெளியே நின்றபடியே உள்ளே நங்கூரமிட்டிருந்த பிரித்தானிய எண்ணெய்க் கப்பலை அடித்தது. அதற்கு முந்திய மாதம், ஐ-27 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கெடிவ் இஸ்மாயில் என்ற கப்பலை மூழ்கடித்தது. சுமார் 1,300 பேர் இறந்தார்கள். கிழக்காபிரிக்கப் படைவீரர்களும் தாதியரும் அவர்களில் அடக்கம். இலங்கையின் கடல் அப்போது பாதுகாப்பான கடலாக இருக்கவில்லை.

*172 நாட்கள்*

1944 ஏப்ரல் 4. யூ-859 ஜேர்மனியின் கீல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. போகும் இடம் பினாங்கு. வயிற்றில் 31 தொன் பாதரசம், இரும்புக் குடுவைகளில். பாதரசத்தின் அடர்த்தி நீரைப் போல் பதின்மூன்றரை மடங்கு. ஆகவே 31 தொன் என்பது கனவளவில் 2,300 லீற்றர்தான். நம் வீடுகளின் மேல் வைக்கும் இரண்டு மூன்று தண்ணீர்த் தாங்கிகளுக்குள் அடங்கிவிடும். இந்த அளவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

பிரித்தானியாவுக்கு வடக்காகச் சுற்றி அத்திலாந்திக்குக்குள் இறங்கினார்கள். ஏப்ரல் 26 அன்று, தொடரணியிலிருந்து பின்தங்கிய கொலின் என்ற பனாமாக் கொடிக் கப்பலை மூழ்கடித்தார்கள். பிறகு தெற்கே, தெற்கே, ஆபிரிக்காவின் அடி முனை வரை. ஜூலை 5 அன்று தென்னாபிரிக்காவுக்கு அப்பால் ஒரு விமானம் அவர்களைக் கண்டு தாக்கியது. ஒருவர் இறந்தார். படகு தப்பியது.

ஒரு குறுகலான உருக்குக் குழாய்க்குள் அறுபத்தெட்டுப் பேர். குளிக்க நன்னீர் இல்லை. டீசல் மணமும் வியர்வையும் பூஞ்சணமும். வெப்ப வலயத்துக்கு வந்ததும் உள்ளே அடுப்படி மாதிரி வெக்கை. அதில் பலருக்கு இருபது வயதுகள். ஜேர்மன் நீர்மூழ்கிகளில் கடலுக்குப் போனவர்களில் நாலில் மூன்று பேர் திரும்பவில்லை என்பதைக் கணக்குகள் சொல்கின்றன. வேறு எந்தப் படைப்பிரிவிலும் இந்த அளவு சாவு இல்லை.

ஓகஸ்ட் 28. அரபிக் கடலில், ஓமான் கரைக்கு அப்பால், ஜோன் பரி என்ற அமெரிக்கக் கப்பல் தனியே போய்க்கொண்டிருந்தது. யூ-859 அதை அடித்து மூழ்கடித்தது. இருவர் இறந்தார்கள். மற்றவர்கள் உயிர்காப்புப் படகுகளில் தப்பினார்கள். அந்தக் கப்பலில் சவூதி அரேபியாவுக்காக பிலடெல்பியா நாணயச் சாலையில் அச்சிட்ட 30 இலட்சம் வெள்ளி ரியால்கள் இருந்தன. போரினால் ஹஜ்ஜுக்கு வருவோர் தொகை குறைந்து அப்துல் அஸீஸ் மன்னரின் கருவூலம் நெருக்கடியில் இருந்த காலம் அது. ஹிஜ்ரி 1363ஆம் ஆண்டின் ரமழான் மாதத்தில் அந்த வெள்ளி முழுவதும் 2,600 மீற்றர் ஆழத்துக்குப் போனது. தாங்கள் எதை மூழ்கடித்தோம் என்பது யூ-859இல் இருந்தவர்களுக்குத் தெரியாது.

நான்கு நாட்களில், செப்டெம்பர் 1 அன்று, ட்ரொய்லஸ் என்ற பிரித்தானியக் கப்பலையும் அடித்தார்கள். அது கொழும்பிலிருந்து புறப்பட்டு ஏடன் நோக்கிப் போன கப்பல். ஆறு பேர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து மேற்கே போகும் கப்பல்களில் என்ன இருக்கும் என்பது நமக்குத் தெரியும். தேயிலை, றப்பர், கொப்பரா. மலாயா விழுந்த பிறகு நேச நாடுகளுக்கு இயற்கை றப்பர் கிடைத்த முக்கிய இடம் இலங்கைதான். நம் தோட்டங்களில் பால் வெட்டிய கையும் இந்தப் போருக்குள் இருந்தது.

மூன்று கப்பல்கள், 20,853 தொன். யூ-859இன் போர்க் கணக்கு அவ்வளவுதான். அடுத்தது பினாங்கு.

*இந்தப் பக்கம், திருகோணமலையில்*

1942 தாக்குதலுக்குப் பிறகு பிரித்தானியாவின் கிழக்குக் கடற்படை ஆபிரிக்கக் கரைக்கு, மொம்பாசாவுக்கு, பின்வாங்கியிருந்தது. 1944 தொடக்கத்தில் அது திருகோணமலைக்குத் திரும்பியது. அந்த வருடம் நம் துறைமுகம் இருந்த மாதிரி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. போர்க்கப்பல்கள், விமானந்தாங்கிகள், சீனன்குடா விமானத் தளம், காட்டுக்குள் எண்ணெய்த் தாங்கிகள். ஓகஸ்ட் 8 அன்று வலியன்ட் என்ற பெரும் போர்க்கப்பலைத் தூக்கியிருந்தபோது மிதக்கும் கப்பல்துறை முறிந்து மூழ்கியதும் அந்த வருடம்தான்.

அதே துறைமுகத்தில் அடமன்ட் என்ற தாய்க்கப்பல் நின்றது. அதன் பக்கத்தில் பிரித்தானிய நீர்மூழ்கிகள் கட்டியிருக்கும். டோர்பிடோ ஏற்றுவது, எஞ்சின் திருத்துவது, ஆட்கள் தூங்குவது எல்லாம் அந்தத் தாய்க்கப்பலில். அங்கிருந்து புறப்பட்டு வங்காள விரிகுடாவைக் கடந்து மலாக்கா நீரிணை வரை போய்க் காவல் இருந்துவிட்டுத் திரும்புவார்கள். திருகோணமலையிலிருந்து பினாங்கு ஏறத்தாழ 1,200 கடல் மைல். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஈச்சிலம்பற்றில், இலங்கைத்துறை முகத்துவாரத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கண்ணுக்கு முன்னால் இருப்பது அந்தப் பாதைதான். பவுல் முனை வெளிச்சவீட்டைக் கடந்துதான் அந்தப் படகுகள் வெளியே போயிருக்கும், உள்ளே வந்திருக்கும்.

அவற்றில் ஒன்று ட்ரெஞ்சன்ட். தளபதி ஆதர் ஹெஸ்லட். வயது முப்பது.

இங்கேதான் முக்கியமான இடம். அவ்வளவு பெரிய கடலில் ஒரு நீர்மூழ்கி இன்னொரு நீர்மூழ்கியைத் தேடிக் கண்டுபிடிப்பது வைக்கோற் போரில் ஊசி தேடுகிற வேலை. யூ-859 கண்டுபிடிக்கப்பட்டதற்குக் காரணம் கண்ணும் இல்லை, காதும் இல்லை. ஜேர்மன் கடற்படையின் இரகசிய வானொலிச் செய்திகளை இங்கிலாந்தில், பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில், மறைக்குறி உடைத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியரின் செய்திகளை வாசிக்கக் கொழும்பிலேயே அன்டர்சன் என்ற நிலையம் இருந்தது. ஒரு படகு பினாங்கை நெருங்குகிறது என்ற முன்னறிவிப்பு ஹெஸ்லட்டுக்குக் கிடைத்திருந்தது. அவர் வாசலில் போய்க் காத்திருந்தார்.

ஜேர்மன் செய்திகள் இப்படி வாசிக்கப்பட்டன என்ற விடயம் 1974 வரை உலகத்துக்குப் பகிரங்கமாகச் சொல்லப்படவில்லை. தப்பிப் பிழைத்த ஜேர்மன் மாலுமிகள் முப்பது வருடம், தங்களுடைய துரதிர்ஷ்டம் என்றே நினைத்திருப்பார்கள்.

*1944 செப்டெம்பர் 23, சனிக்கிழமை*

நோன்புப் பெருநாள் கழிந்து சில நாட்கள்தான். பினாங்குக்கு அருகே, மலாக்கா நீரிணையில் யூ-859 நீர்மேல் வந்துகொண்டிருந்தது. கீலில் இருந்து புறப்பட்டு 172 நாட்கள். துறைமுகம் கிட்ட. கடல் அலையடித்துக் கிடந்தது. இன்னொரு ஜேர்மன் படகும் அந்தப் பக்கம் வரலாம் என்று ஹெஸ்லட் எதிர்பார்த்திருந்தார். அதனால் அதிக நேரம் எடுக்கவில்லை. பின்புறக் குழாய்களிலிருந்து டோர்பிடோக்களை விட்டார். ஒன்று யூ-859இன் நடுவில் பட்டது.

படகு உடனே மூழ்கியது. யெப்சனோடு சேர்த்து 47 பேர் இறந்தார்கள்.

ஆனால் அந்த இடத்தில் ஆழம் ஐம்பது மீற்றர்தான். தண்ணீர் புகாத பகுதியில் சிலர் உயிரோடு கடலடியில் கிடந்தார்கள். அவர்கள் வெளியே வந்த விதம் விஞ்ஞானப் பாடத்தில் சொல்ல வேண்டிய ஒன்று. ஐம்பது மீற்றர் ஆழத்தில் வெளியே இருக்கும் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஆறு மடங்கு. மேல் மூடியை எத்தனை பேர் சேர்ந்து தள்ளினாலும் திறக்காது. திறக்க ஒரே வழி, தாங்களே தண்ணீரை உள்ளே விடுவது. தண்ணீர் ஏற ஏற உள்ளே இருக்கும் காற்று நெருக்கப்படும். உள் அமுக்கமும் வெளி அமுக்கமும் சமமானதும் மூடி இலேசாகத் திறக்கும். அதாவது உயிர் தப்ப வேண்டுமென்றால் முதலில் கழுத்து வரை தண்ணீர் வரும் வரை பொறுத்து நிற்க வேண்டும். பிறகு மேலே போகும்போது மூச்சை அடக்கவே கூடாது. நெஞ்சுக்குள் இருக்கும் காற்று மேலே போகப் போக விரிந்துகொண்டே வரும். ஊதிக்கொண்டே போக வேண்டும். அடக்கினால் நுரையீரல் கிழியும்.

அப்படித் தப்பி மேலே வந்தவர்களோடு மொத்தம் இருபது பேர் பிழைத்தார்கள். எதிரியின் தளத்துக்குப் பக்கத்தில், இன்னொரு நீர்மூழ்கி எந்த நேரமும் வரலாம் என்ற நிலையில், ட்ரெஞ்சன்ட் நீர்மேல் வந்து பதினொரு பேரைத் தூக்கி ஏற்றியது. மற்ற ஒன்பது பேர் ஒரு நாள் முழுவதும் கடலில் மிதந்த பிறகு ஜப்பானியரால் மீட்கப்பட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே வருடம் மார்ச்சில், இதே வகையான யூ-852 என்ற ஜேர்மன் படகு, இதே பாதையில் கிழக்கே வரும்போது பெலியஸ் என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்தது. மிதந்துகொண்டிருந்தவர்களை அதன் தளபதி துப்பாக்கியால் சுடவைத்தார். போருக்குப் பிறகு விசாரணை நடந்தது. 1945 நவம்பரில் அவருக்கும் உடந்தையாக இருந்த இரண்டு பேருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒரே வகைப் படகு, ஒரே வருடம், ஒரே போர். தண்ணீரில் கிடக்கும் மனிதனை என்ன செய்வது என்ற முடிவை ஒவ்வொரு தளபதியும் தானே எடுத்தார். ‘போர் என்றால் அப்படித்தான்’ என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

*திரும்பாத நம் துறைமுகப் படகு*

வேட்டை ஒரு பக்கம் மட்டும் நடக்கவில்லை. அதே 1944 நவம்பரில் ஸ்ட்ராடஜம் என்ற பிரித்தானிய நீர்மூழ்கி திருகோணமலையிலிருந்து புறப்பட்டு மலாக்கா நீரிணைக்குப் போனது. நவம்பர் 22 அன்று ஜப்பானிய வேட்டைக் கப்பல் ஒன்று அதை மூழ்கடித்தது. அவர்களிலும் சிலர், யூ-859இன் ஆட்களைப் போலவே, கடலடியிலிருந்து தண்ணீரை உள்ளே விட்டு வெளியே வந்தார்கள். பிடிபட்டவர்களில் போர் முடியும்வரை உயிரோடு இருந்தவர்கள் மிகச் சிலர்.

இதைச் சொன்னபோது வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: ‘சேர், அப்ப நாங்க எந்தப் பக்கம்?’

எனக்கு உடனே பதில் வரவில்லை. சட்டப்படி இலங்கை பிரித்தானியப் பக்கம். ஹிட்லரும் ஜப்பானின் இராணுவமும் தோற்றது உலகத்துக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ‘பக்கம்’ என்பது ஒருவர் தானே தெரிவு செய்வது. 1939இல் இந்தத் தீவின் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. பிரித்தானியா போரை அறிவித்ததும் குடியேற்ற நாடான நாமும் போரில் இருந்தோம். துறைமுகம் நம்முடையது. அதிலிருந்து எந்தப் படகு போகும், யாரைக் கொல்லும் என்று முடிவெடுத்தவர்கள் வேறு.

*வெள்ளியும் பாதரசமும்*

1945 மேயில் ஜேர்மனி சரணடைந்தது. கிழக்கில் எஞ்சியிருந்த ஆறு படகுகளை ஜப்பான் எடுத்துக்கொண்டது. சில மாதங்களில் ஜப்பானும் சரணடைந்தது. யூ-859ஐ எல்லோரும் மறந்துபோனார்கள். பாதரசத்தைத் தவிர.

1972இல் அந்தச் சிதைவிலிருந்து 12 தொன் பாதரசத்தை எடுத்துச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். எடுத்தவர்களுக்கே சொந்தமா? மேற்கு ஜேர்மனி தூதரகம் மூலம் உரிமை கோரியது. வழக்கு சிங்கப்பூர் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கேள்வி சுவாரசியமானது: 1945இல் நிபந்தனையின்றிச் சரணடைந்து, நான்கு நாடுகளால் ஆளப்பட்டு, இரண்டாகப் பிரிந்த ஒரு நாடு தொடர்ந்து இருந்ததாகச் சொல்ல முடியுமா? நீதிமன்றத்தின் பதில்: ஜேர்மன் அரசு ஒருபோதும் இல்லாமற் போகவில்லை. அதன் சொத்தை நேச நாடுகளில் ஒன்று கைப்பற்றிக் கொண்டு போயிருந்தாலன்றி, அது ஜேர்மன் அரசின் சொத்தாகவே இருக்கிறது.

சர்வதேசச் சட்டம் படிப்பவர்களுக்கு இது ஒரு முக்கியமான தீர்ப்பு. ஒரு அரசாங்கம் விழலாம், ஆட்சி மாறலாம், கொடி மாறலாம். அரசு தொடரும், அதன் உரிமையும் தொடரும், கடனும் தொடரும்.

ஜோன் பரியின் வெள்ளிக்கும் ஒரு நாள் வந்தது. 1994இல் ஓமான் கடலில், 2,600 மீற்றர் ஆழத்திலிருந்து 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட ரியால்களை இயந்திரக் கையால் அள்ளி எடுத்தார்கள். மக்காவிலும் ரியாதிலும் புழங்க வேண்டிய நாணயங்கள், ஐம்பது வருடம் கடலடியில் கிடந்து, சேகரிப்பவர்களின் கண்ணாடிப் பெட்டிக்குப் போயின.

பாதரசத்துக்கு உரிமையாளர் இருந்தார். வெள்ளிக்கும் ஆட்கள் வந்தார்கள். அந்த இரண்டாயிரத்து முந்நூறு லீற்றர் திரவத்தில் ஒரு பகுதிக்காக ஒரு நாடு வழக்காடியது. அந்த 47 பேரைக் கேட்டு வழக்குப் போட யாரும் இல்லை. நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. கடலில் இறந்த மாலுமியைக் கடலிலேயே விடுவது பல நாடுகளின் மரபு. ஆனால் நம் பகுதியில் இருந்து பார்க்கும்போது இந்தக் கணக்கு வேறு மாதிரித் தெரிகிறது.

2004 சுனாமி நம் கரைகளில் எத்தனை வீடுகளை வெறுமையாக்கியது என்று உங்களுக்குத் தெரியும். 2006இல் மூதூரிலிருந்து முஸ்லிம்கள் கந்தளாய்க்குப் போனதும், ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைப் பக்கம் நடந்ததும் நம் கண்ணெதிரே நடந்தவை. இரண்டு சமூகத்திலும் இன்னும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். காணியை இழந்தவர் உறுதியைக் கொண்டு போய்க் கேட்கலாம். படகை இழந்தவர் நட்டஈட்டுக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆளை இழந்தவர் எந்தப் படிவத்தை நிரப்புவது? பொருளுக்கு உரிமை கோர உலகம் வழி வைத்திருக்கிறது. மனிதனுக்கு அந்த வழி குறுகலாகத்தான் இருக்கிறது.

*கடைசியாக*

‘திருகோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று.’ பிள்ளைகள் இந்த வரியை மனப்பாடமாகச் சொல்வார்கள். சரியான வரிதான். ஆனால் அது பாதிதான். ஆழமும் அடைப்பும் இயற்கை தந்தவை. 1944இல் அதை ஆயுதமாக்கியது மறைக்குறியை வாசித்த மூளை, எண்ணெய்த் தாங்கி, தாய்க்கப்பல், கட்டளையிடும் அதிகாரம் ஆகிய நான்கும். அந்த நான்கில் ஒன்றுகூட அன்று நம் கையில் இருக்கவில்லை.

1957 ஒக்டோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தார்கள். எண்ணெய்த் தாங்கிகள் இன்னும் சீனன்குடாக் காட்டுக்குள் நிற்கின்றன. 2022 ஜனவரியில் கைச்சாத்தான ஒப்பந்தத்தில் 99 தாங்கிகளில் 61 இலங்கையும் இந்தியாவும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும், 14 இந்திய எண்ணெய்க் கம்பனிக்கும், 24 நம் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும் என்று பிரிக்கப்பட்டன. அது சரியா பிழையா என்று இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. 1944இல் யாருடையது என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கவில்லை. இன்று இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைகளை நாம் உருவாக்குகிறோமா என்பதே என் கவலை.

அதோடு இன்னொன்றையும் கற்றுக் கொடுப்போம். துறைமுகம் யாருடையது, எண்ணெய் யாருடையது, வெள்ளி யாருடையது என்று கேட்கும் அதே குரலில், மூழ்கிப் போன ஆள் யாருடைய பிள்ளை என்றும் கேட்கட்டும். அவன் ஜேர்மன்காரனாக இருந்தாலும் சரி, ஸ்ட்ராடஜத்தில் போனவனாக இருந்தாலும் சரி, நம் ஊர்க்காரனாக இருந்தாலும் சரி.

திருகோணமலைக்குப் போகும்போது நிலாவெளி வீதியில் இருக்கும் போர் மயானத்துக்குப் பிள்ளைகளை ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். கல்லில் இருக்கும் பெயரையும் வயதையும் வாசிக்கச் சொல்லுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

உங்கள் வீட்டு மூத்தவர்கள் அந்தப் போர்க்காலத்தைப் பற்றி, துறைமுக வேலையைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். அவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. இன்ஷா அல்லாஹ், சேர்த்து இன்னொரு பதிவாகப் போடுவோம்.